லிந்துலை தாண்டினால் மீட்டர் சிவப்புக்குப் போகிறது, காலையில் மட்டும். என்ன செய்யலாம்?

கொட்டகலை டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1300 சிசி ஜப்பான் பெற்றோல் கார், ஓட்டோ கியர், இருபது வருசத்துக்கு மேல் பழசு. கொட்டகலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்குத் தினமும் போகிறேன். தலவாக்கலை வரை ஒரு பிரச்சினையும் இல்லை, சூட்டு மீட்டரின் முள் பாதிக்குக் கீழே அசையாமல் நிற்கும். லிந்துலை தாண்டி ஏற்றம் தொடங்கி, முன்னால் ஒரு பஸ்ஸோ கொழுந்து லொறியோ மாட்டி அதன் பின்னால் ஊர்ந்தால் முள் மெதுவாக எழும்பி சிவப்புக்குக் கிட்டப் போய்விடும். ஓரம் கட்டினால் போனட் முன்பக்கமாக ஆவி வரும். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது ஒன்றுமே இல்லை. கராஜில் காட்டினேன், ரேடியேட்டர் மாற்ற வேண்டும், அதற்கும் சரிவராவிட்டால் எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், என் ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட. பாதி வழி மூடுபனி, நான் ஜெர்சி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கார் மட்டும் கொதிக்கிறது. ஸ்டாஃப் ரூமில் சொன்னால் சிரிக்கிறார்கள். மணி 7.30-க்கு அடித்துவிடும், நடுவழியில் நின்றால் என்ன செய்வது, முதலில் எதைப் பார்க்கச் சொல்வது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லொறி:
டீச்சர், இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? தேர்மோஸ்டாட்டை, அதுதான் எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மறிக்கிற வால்வை, கழற்றி வீசச் சொல்லுங்கள். நம்ம ஊர்க் குளிருக்கு அது தேவையே இல்லாத சாமான். என் லொறியில் அது இருந்ததே இல்லை, கினிகத்தேனை ஏற்றத்தைச் சுமையோடு ஏறியிருக்கிறேன்.

ஸ்பேனர்:
அண்ணே, கொஞ்சம் பொறுங்கள், அதைப் பிறகு பேசுவோம். டீச்சர், தலவாக்கலையில் கராஜ் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ரேடியேட்டருக்கோ ஹெட்டுக்கோ காசு கொடுக்க முன்னால் சில கேள்விக்குப் பதில் வேண்டும். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், கூலன்டா வெறும் தண்ணீரா? எவ்வளவு நாளைக்கு ஒருமுறை குறைகிறது? பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் கூடுகிறதா, குறைகிறதா? முள் ஏறும்போது முன்னால் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கிறதா? ரேடியேட்டர் மூடி கடைசியாக எப்போது மாற்றியது? இந்தப் பதில்கள் இல்லாமல் ஹெட் கழற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

பதுளைப் பொடியன்:
நடுவழியில் சூடானால் ஈசியான வேலை ஒன்று இருக்கு அக்கா. ஏற்றம் முடிந்து பள்ளம் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் விடுங்கள், காற்று பட்டுத் தானாக ஆறிவிடும். பண்டாரவளையிலிருந்து இறங்கும்போது நாங்கள் எல்லாம் அப்படித்தான், பெற்றோலும் மிச்சம்.

மூடுபனி:
தம்பி, இதைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லிக்கொடுக்காதே. எஞ்சின் நின்றால் பிரேக்கை இலேசாக்குகிற வெக்குவம் (எஞ்சின் உறிஞ்சுகிற இழுவை) நின்றுவிடும், மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும், அதற்குப் பிறகு பிரேக் கல் மாதிரி இறுகும். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும், சாவியை ஒரு படி கூடத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இந்த வீதிகளில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் வைத்தியசாலையில் வேலை செய்கிறவள், அதனால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்திலும் கையிலும் கொதிநீர் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாருக்காவது பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, எண்ணெய், கோப்பித்தூள் ஒன்றும் பூச வேண்டாம். பெரிய காயம் என்றால் 1990 அம்பியூலன்ஸுக்கு அடியுங்கள், காசு கிடையாது.

பதுளைப் பொடியன்:
சரி அக்கா, கோபப்படாதீர்கள். பெற்றோல் இல்லாத காலத்தில் பழகியது.

கொட்டகலை டீச்சர்:
ஸ்பேனர் தம்பிக்குப் பதில். வெறும் தண்ணீர்தான், பாடசாலைக் குழாயில் பிடித்து ஊற்றுகிறேன், மழை நாளில் அது கொஞ்சம் கலங்கலாகத்தான் வரும். கிழமைக்கு ஒரு தடவையாவது ஊற்ற வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் போத்தல் வாய் வரை நிரம்பி நிற்கிறது, ஆனால் ரேடியேட்டர் குறைகிறது, இதுதான் எனக்கு விளங்கவில்லை. ஃபேன் சுற்றுகிறது, ஓரம் கட்டியதும் சத்தம் நன்றாகக் கேட்கும். மூடி மாற்றியதாக ஞாபகம் இல்லை, நான் வாங்கியபோது இருந்ததே இருக்கிறது. 2022-இல் பெற்றோல் வரிசை இருந்த காலத்தில் கார் மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நின்றது, அதற்கு முன்னால் இந்தக் குழப்பம் இருந்ததில்லை.

ஸ்பேனர்:
போத்தல் நிரம்பி ரேடியேட்டர் குறைகிறது என்றீர்களே, அதிலேயே பாதிக் கதை இருக்கிறது. சூடாகும்போது தண்ணீர் விரிந்து மூடி வழியாகப் போத்தலுக்குப் போகும், ஆறும்போது அதே வழியில் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். உங்களுடையதில் போவது மட்டும் நடக்கிறது, வருவது நடக்கவில்லை. ஒன்று மூடியின் ரப்பர் செத்திருக்கும், இல்லாவிட்டால் போத்தலுக்குப் போகும் சின்னக் குழாய் வெடித்து தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். இரண்டும் மலிவான சாமான். முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மற்றது.

பேராதனை வளாகம்:
குளிர் ஊரில் கார் எப்படிக் கொதிக்கும் என்று சிரித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் அங்கே குறைவு, அதனால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் திறந்த சட்டியில் பருப்பு வேக ஏன் கூட நேரம் எடுக்கிறது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். இப்போது காருக்கு வருவோம். எஞ்சின் சாதாரணமாக ஓடுவதே 90 பாகைக்குக் கிட்ட. பல கார்களில் ஃபேன் தொடங்குவதே 93, 95-ஐ ஒட்டித்தான். அதாவது மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் ஃபேன் தன் வேலையைத் தொடங்குகிற சூட்டிலேயே வெறும் தண்ணீர் கொதிக்கத் தயாராக நிற்கிறது. இதே கார் கொழும்பில் கெட்ட மூடியோடு வருசக்கணக்கில் சமாளித்து ஓடியிருக்கும், அங்கே 100 வரை இடம் இருக்கிறதல்லவா, இங்கே அந்த இடம் கிடையாது.

மூடி நல்லதாக இருந்தால் கணக்கே வேறு. ஜப்பான் கார் மூடிகளில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருக்கும், அது மூடி பிடிக்கிற அழுத்தத்தின் அளவு. 0.9 மூடி ஒழுங்காகப் பிடித்தால் நுவரெலியாவிலும் வெறும் தண்ணீரே கிட்டத்தட்ட 115 பாகை வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் சில பாகை மேலே போகும். சின்ன மூடி ஒன்று 20 பாகைக்கு மேல் பாதுகாப்புத் தருகிறது, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கண்டி வீதி:
அப்போ 1.3 மூடி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் இன்னும் நல்லதுதானே?

ஸ்பேனர்:
வேண்டாம். பழைய ஹோஸ், பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி, இதெல்லாம் 0.9-க்குப் பழகியவை. அழுத்தத்தைக் கூட்டினால் எங்கே பலவீனமோ அங்கே வெடிக்கும், அதுவும் ஏற்றத்தின் நடுவில்தான் வெடிக்கும். கம்பனி என்ன போட்டதோ அதே இலக்கம். கடையில் மலிவாக ஒன்று தருவார்கள், ரப்பரை விரலால் அமுக்கிப் பாருங்கள், கட்டியாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கம்பளை வான்:
இத்தனை பேர் சாமானைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஓட்டுகிற விதத்தை ஒருவரும் சொல்லவில்லை. நான் கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் பாடசாலை வான், ஹயர், எல்லாம் ஓடியவன். டீச்சர் ஓட்டோவை டீயில் போட்டுவிட்டு அப்படியே விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முன்னால் பஸ் ஊரும்போது அது பெரிய கியரைப் பிடித்துக்கொண்டு முக்கி முக்கி ஏறும். அந்த நேரம் எஞ்சின் சுற்றுவது குறைவு, அதனால் வோட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுவதும் குறைவு, முன்னால் காற்றும் இல்லை, சுமை மட்டும் முழுசாக இருக்கிறது. ‘2’-க்கோ ‘எல்’-க்கோ இறக்கி, கொஞ்சம் சத்தமாக ஏறவிடுங்கள். எஞ்சின் கத்துகிறதே என்று பயப்பட வேண்டாம், முக்குவதுதான் அதற்குக் கெடுதல். பஸ்ஸை ஒட்டிப் போகாதீர்கள், அதன் புகையும் சூடும் நேரே உங்கள் ரேடியேட்டருக்குள் வரும். ஒரு இடத்தில் ஓரம் விட்டு அது முன்னால் போகட்டும்.

முள் பாதியைத் தாண்டத் தொடங்கியதும் செய்ய வேண்டியது: ஏசி போட்டிருந்தால் நிறுத்துங்கள் (மூடுபனிக்குக் கண்ணாடி தெளிய ஏசி போடுகிறவர்கள் நிறைய), ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஊதியை முழு வேகத்தில் விட்டு, கண்ணாடியை இறக்குங்கள். ஹீட்டர் என்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். கால் வேகும், ஆனால் முள் இறங்கும். நம்ம ஊரில் இது தண்டனையும் இல்லை, காலையில் சுகமாகவே இருக்கும். இதில் முள் இறங்கினால் மெதுவாக ஏறிப் போய்விடலாம். இறங்காவிட்டால், ஆவி வந்தால், சிவப்பைத் தொட்டால், நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இன்னும் ஒரு வளைவுதானே என்று இழுப்பவர்கள்தான் பிறகு வளைந்த ஹெட்டைச் சீவி மட்டமாக்க (பேஸ் பண்ண) கொண்டுபோகிறவர்கள்.

ஸ்பேனர்:
வான் அண்ணன் சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். கொதித்துக்கொண்டிருந்த கார் திடீரென்று முள் இறங்கினால் சந்தோசப்படாதீர்கள். தண்ணீர் முழுக்கப் போய் சென்சர் ஆவியில் நின்றாலும் முள் இறங்கும். ஹீட்டரும் அதே நேரம் குளிர் காற்று ஊதினால் உள்ளே தண்ணீரே இல்லை என்று அர்த்தம், அந்த நிமிடமே நிறுத்துங்கள். முள்ளே இல்லாத புதுக் கார்களில் சிவப்பு விளக்கு மட்டும்தான், அது எரிகிறபோது ஏற்கனவே நேரம் தாண்டியிருக்கும். அந்த மாதிரி கார் வைத்திருப்பவர்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற சின்ன ஓபிடி அடாப்டர் ஒன்று வாங்கி போனில் சூட்டைப் பார்க்கலாம்.

மூடுபனி:
நிறுத்துகிற இடத்தையும் சொல்லுங்கள். மூடுபனி நேரத்தில் வளைவுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், நாலு லைட்டையும் போடுங்கள், பின்னால் கொஞ்சத் தூரத்தில் கிளை முறித்துப் போடுங்கள், முக்கோணம் இருந்தால் அதை வையுங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தால், புண்ணியமாகப் போகும், போகும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். வேறொருவர் வாகனம் திருத்தியதற்கு மோட்டார் சைக்கிள்காரர் ஏன் விழ வேண்டும்?

கம்பளை வான்:
அது உண்மை. அப்புறம், நிறுத்தியபின் குறைந்தது அரை மணித்தியாலம் போனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். தடித்த துணி போட்டு மூடியை முதல் பூட்டு வரை மட்டும் திருப்பி, சீறுவது நின்றபிறகுதான் முழுக்கத் திறக்க வேண்டும். பீலித் தண்ணீரைப் பிடித்துச் சூடான எஞ்சினில் சடாரென்று ஊற்றினால் ஹெட்டோ புளொக்கோ வெடிக்கலாம். பாடசாலைக்கு போன் பண்ணி, வருகிற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டு இடைவேளையில் வந்து பாருங்கள் டீச்சர், ஒரு நாள் பிந்தினால் உலகம் முடியாது. அவசரத்துக்கு ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள் தூள் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அடைபடும்தான், பிறகு ஹீட்டர் குழாயும் சேர்ந்து அடைபடும்.

பழைய லொறி:
எல்லாம் சரி, தேர்மோஸ்டாட்டை என்ன செய்யப்போகிறீர்கள்? அது மூடிக்கொண்டு நின்றால் இத்தனை வேலையும் வீண். கழற்றிவிட்டால் தண்ணீர் எப்போதும் ஓடும்.

ஸ்பேனர்:
அண்ணே, மூடிக்கொண்டு நின்றால் மாற்ற வேண்டும், அதில் எனக்கும் சண்டை இல்லை. டீச்சருடையது அப்படி நின்றிருந்தால் தலவாக்கலைக்கு வர முன்னாலேயே கொதித்திருக்கும். உங்கள் பழைய லொறியின் அமைப்பு வேறு. பல ஜப்பான் பெற்றோல் எஞ்சின்களில் தேர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டு இருக்கும். சூடானதும் ஒரு தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும், மற்றத் தட்டு குறுக்கு வழியை அடைக்கும். முழுசாகக் கழற்றிவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். ஏற்றத்தில் சூட்டைக் கூட்டத்தான் அது உதவும். மற்ற நேரத்தில், முக்கியமாக இந்தக் குளிரில், எஞ்சின் சூட்டுக்கே வராமல் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் கூட்டி ஊற்றும்.

பழைய லொறி:
முப்பது வருச அனுபவத்துக்கு நீ பாடம் எடுக்கிறாய் தம்பி.

ஸ்பேனர்:
அனுபவத்துக்கு மரியாதை இருக்கிறது அண்ணே. உங்கள் லொறியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே.

கொழும்பு வாசி:
இவ்வளவு தொல்லை எதற்கு, விற்றுவிட்டுப் புதுசு ஒன்று எடுக்கலாமே.

கண்டி வீதி:
நல்ல ஆலோசனை அண்ணா, காசையும் அனுப்பிவிடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது, அந்த அஞ்சு வருசத்தில் பழைய கார் விலை எங்கே போனது என்று தெரியாதா? டீச்சர் சம்பளத்தில் இருக்கிற காரைத் திருத்துவதுதான் வழி.

பேராதனை வளாகம்:
ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் எஞ்சின் புளொக்குக்கும் நடுவில் இருக்கிற தகடு) பயத்துக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய் மூடியைத் திறந்து உட்பக்கம் பால் மாதிரி நுரை இருந்தால் உடனே ஹெட் போய்விட்டது என்று சிலர் பயமுறுத்துவார்கள். குளிர் ஊரில் கிட்டத்து ஓட்டம் ஓடுகிற கார்களில் ஈரம் படிந்து அந்த நுரை சும்மாவும் வரும். எண்ணெய்க் கோலை இழுத்துப் பாருங்கள், கோலில் இருக்கிற எண்ணெயும் பால் நிறமாக இருந்தால்தான் கவலை. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணி, தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் அதுவும் கவலை. சில கராஜ்களில் நீல நிறத் திரவம் வைத்துச் சோதிப்பார்கள், எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்தால் அது மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்க முன்னால் அந்தச் சோதனையைக் கேளுங்கள்.

கொட்டகலை டீச்சர்:
சனிக்கிழமை வேறொரு கராஜுக்குப் போனேன், நீங்கள் எழுதியதை போனில் காட்டியே பேசினேன். மூடியைக் கை பம்ப்பில் வைத்துப் பார்த்தார்கள், 0.9 என்று அடித்த மூடி 0.3-க்கே காற்றை விட்டுவிட்டது. போத்தலுக்குப் போகும் குழாயில் மூடிக்குப் பக்கத்தில் வெடிப்பு. தேர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தார்கள், ஒழுங்காகத் திறந்தது, திரும்பப் பூட்டிவிட்டார்கள். நீலத் திரவம் நிறம் மாறவில்லை. ரேடியேட்டரின் கீழ்ப் பாதி வெளியே சேறும் இலையும் பிடித்து அடைந்திருந்தது, தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். உள்ளே வந்த தண்ணீர் தேத்தண்ணி நிறம். கழுவிக் கழுவித் தெளிந்தபிறகு மூடி, குழாய், கூலன்ட் போட்டார்கள், முதலில் சொன்ன தொகையில் ஒரு சின்னப் பங்குதான் ஆனது.

இந்தக் கிழமை பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஏறினேன், ‘2’-இல். முள் பாதியைத் தாண்டவில்லை. ஹீட்டர் மட்டும் சில நேரம் சூடாகவும் சில நேரம் குளிராகவும் ஊதுகிறது, உள்ளே சளசள என்று ஒரு சத்தம். இது என்ன?

ஸ்பேனர்:
காற்று அடைபட்டிருக்கிறது டீச்சர், பெரிய விசயம் இல்லை. இதற்கு மட்டும் நம்ம ஊர் வசதி. எஞ்சின் நன்றாக ஆறினபிறகு காரின் மூக்கு மேலே பார்க்கும்படி ஏற்றத்தில் நிறுத்துங்கள், கை பிரேக் போட்டு, ‘பீ’-யில் வைத்து, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். அப்போது ரேடியேட்டர் மூடிதான் உயரமான இடம். மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் பண்ணி விடுங்கள், முகத்தை மட்டும் மூடிக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். மேல் ஹோஸைக் கையால் மெல்ல அமுக்கி அமுக்கி விட்டால் காற்று குமிழியாக வெளியே வரும், மட்டம் குறைய குறைய அதே நிறக் கூலன்டை ஊற்றுங்கள். குமிழி நின்றதும் தண்ணீர் பொங்க முன்னால் மூடியைப் பூட்டிவிடுங்கள். அடுத்த நாள் காலை ஆறிய நிலையில் போத்தல் மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருந்தால் நல்ல செய்தி, மூடி திரும்ப உறிஞ்சுகிறது.

மூடுபனி:
மிச்சக் கூலன்டைப் பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வையுங்கள் டீச்சர். இனிப்பாக இருக்கும், நக்கினால் நஞ்சு. வடித்த பழசைக் கானில் ஊற்றவும் விடாதீர்கள், அந்தக் கான் எந்த லயத்துப் பீலிக்குப் போகிறது என்று தெரியாது.

பழைய லொறி:
டீச்சர், கார் சரியானதில் சந்தோசம். தேர்மோஸ்டாட் விசயத்தில் நான் சொன்னதுதான். ஸ்பேனர் தம்பி, லொறிக்கும் அந்த மூடி சோதிக்கிற பம்ப் பொருந்துமா? திங்கட்கிழமை தலவாக்கலைப் பக்கம் வருகிறேன்.

ஸ்பேனர்:
பொருந்தும் அண்ணே, இரண்டு மூன்று அளவு அடாப்டர் இருக்கிறது. ஆனால் காலையில் ஓடி வந்த கையோடு கொண்டுவராதீர்கள், வண்டி ஆறியிருக்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு வாருங்கள்.